பழைய இத்தாலிய சூப்பர் கார்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

ஓடித் தேய்ந்த இத்தாலிய கார்களைவிட, நின்றே கெட்ட கார்கள்தான் அதிகம். மீட்டரில் 15,000 கிலோமீட்டர் மட்டும் காட்டும் ஃபெராரி 328 ஒன்றும், 80,000 ஓடிய 328 ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், புதியவரின் கண் முதல் வண்டியில்தான் நிற்கும். பல நேரம் அது தவறான தேர்வாகிவிடுகிறது. பத்து வருடம் ஷெட்டில் நின்ற வண்டியில் பெட்ரோல் ஹோஸ் விறைத்திருக்கும், பிரேக் காலிப்பர் பிடித்திருக்கும், சீல்கள் காய்ந்து ஆயில் கசியும், டைமிங் பெல்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டைச் சுழற்றும் ரப்பர் பெல்ட்) ஒரே வளைவில் கிடந்து இறுகியிருக்கும். 80,000 ஓடியதில் இதையெல்லாம் யாரோ ஏற்கெனவே காசு கொடுத்து மாற்றியிருப்பார்கள், பில்லும் இருக்கும். வாங்குவதிலும் பராமரிப்பதிலும் கிலோமீட்டருக்குச் சமமாக ஆண்டுகளையும் எண்ணிப் பழகுங்கள். கீழே சொல்வதில் பாதி இந்த ஒரு கணக்கிலிருந்து வருவதுதான்.

எந்த வண்டி என்று முடிவு செய்யும்போது

உருவத்தைப் பார்த்து மயங்குவது இயல்பு, அதில் தவறில்லை. கூடவே, எஞ்சினைக் கை எப்படி எட்டும் என்றும் பாருங்கள். ஆண்டுச் செலவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான்.

ஃபெராரி 308 (1975–85), 328 (1985–89) இரண்டிலும் வி8 எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. இரண்டு டைமிங் பெல்ட்டும் வண்டியின் வலப்பக்கம் இருப்பதால், பின் சக்கரத்தையும் உள் மட்கார்டையும் கழற்றி, எஞ்சினை இறக்காமலே மாற்றிவிடலாம். அதற்குப் பின் வந்த 348-லும் எஃப்355-லும் எஞ்சின் நெடுக்காகத் திரும்பியது. பெல்ட் பக்கம் சீட்டுக்குப் பின்னாலிருக்கும் சுவரை ஒட்டிப் போய்விட்டதால் எஞ்சின், கியர்பாக்ஸ், பின் சப்ஃபிரேம் மூன்றும் ஒரே கட்டாகக் கீழே இறங்கினால்தான் வேலை நடக்கும். 1984-இல் வந்த டெஸ்டரோஸாவின் 4.9 லிட்டர் 12 சிலிண்டர் எஞ்சினும் இப்படித்தான். 360 மோடெனாவில் சீட்டின் பின்னால் ஒரு பலகையைத் திறந்து பெல்ட்டை எட்டலாம். பெல்ட் மாற்ற எஞ்சினை இறக்க வேண்டிய வண்டிக்கும் வேண்டாத வண்டிக்கும் கூலியில் இருக்கும் வித்தியாசம், வாங்கும் விலையில் இருக்கும் வித்தியாசத்தைச் சில முறையிலேயே தின்றுவிடும்.

லம்போர்கினியின் வி12, ஃபெராரி டீனோ 246, மசெராட்டி போராவின் வி8 இவற்றில் கேம் ஷாஃப்டைச் சுழற்றுவது சங்கிலி. பெல்ட் கவலை இல்லை, வேறு கவலைகள் உண்டு. லம்போர்கினி கவுன்டாச்சில் கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு முன்னால், இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கிறது. சக்தி அங்கிருந்து திரும்பி, ஆயில் சம்ப்பின் ஊடாகப் போகும் ஒரு தண்டு வழியாகப் பின் சக்கரத்துக்கு வருகிறது. எடைப் பகிர்வுக்கு அருமையான ஏற்பாடு. எந்தச் சிறு பாகத்தைத் தொடவும் பத்துப் பாகம் கழற்ற வேண்டும் என்பது அதன் விலை. லம்போர்கினி உராக்கோவில் பி250 பெல்ட் வண்டி, பி300 சங்கிலி வண்டி. பெயர் ஒன்றுதான் என்று இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம்.

1971-இல் வந்த மசெராட்டி போராவிலும் முற்கால மெராக்கிலும் சித்ரோயன் நிறுவனத்தின் ஹைட்ராலிக் அமைப்பு இருக்கிறது. பிரேக் முதல் மேலெழும் ஹெட்லைட் வரை அதில்தான் ஓடுகிறது. அதற்கு ஊற்ற வேண்டியது எல்ஹெச்எம் எனப்படும் பச்சை நிற மினரல் ஆயில் மட்டுமே. சாதாரண பிரேக் ஆயிலை ஒரு தடவை தெரியாமல் ஊற்றினாலும் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் எல்லாம் ஊதிக் கெடும். பிறகு முழு அமைப்பையும் பிரிக்க வேண்டியதுதான். தொட்டி மூடியில் பெரிய எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டிவைப்பது நல்லது.

எஞ்சின் பாகம் கிடைக்குமா என்ற பயம் உள்ளவர்களுக்கு டி டொமாசோ பான்டெரா ஒரு நல்ல வாசல். ஃபோர்டின் 351 கிளீவ்லாண்ட் 5.8 லிட்டர் வி8 என்பதால் எஞ்சினைப் பார்க்க ஆளும் உண்டு, பாகமும் உண்டு. அதிலும் இசட்எஃப் கியர்பாக்ஸ் மலிவானதல்ல, உடல் முழுக்க இரும்பு என்பதால் துரு பெரும் பகை. எஞ்சின் எளிது என்று அடிப்பகுதியைப் பார்க்காமல் விட்டால் மிச்சம் பிடித்தது எல்லாம் டிங்கரிங்குக்குப் போகும்.

வண்டியைப் பார்க்கப் போகும் நாள்

விற்பவரிடம் முன்னதாகவே சொல்லிவையுங்கள்: நான் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். போனதும் எஞ்சின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்வதுதான் சரி. ஸ்டார்ட் ஆகத் தகராறு, குளிர்ந்த எஞ்சினில் மட்டும் கேட்கும் சத்தம், முதல் நிமிடத்துப் புகை எல்லாம் சூடான வண்டியில் ஒளிந்துகொள்ளும். எஃப்355-இல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விடுவது பரவலான குறை. குளிர்ந்திருக்கும்போது டிக் டிக் என்று கேட்டு, சூடேறி உலோகம் விரிந்ததும் சத்தம் அடங்கிவிடும். அதே வண்டியின் முற்காலத் தயாரிப்புகளில் எக்ஸாஸ்ட் வால்வு கைடுகள் சீக்கிரம் தேயும். அதற்கு லீக்-டவுன் சோதனைதான் சாட்சி.

லீக்-டவுன் சோதனையில் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் அழுத்தமான காற்றைச் செலுத்தி எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்க்கிறார்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 20-ஐத் தாண்டினால் பணம் பேசும் இடம். எல்லாச் சிலிண்டரும் 12 காட்டுவது, ஏழு சிலிண்டர் 5 காட்டி ஒன்று 22 காட்டுவதைவிட மேல். கசியும் காற்று எங்கே கேட்கிறது என்று காது கொடுங்கள்: சைலன்சரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டர் வாயில் என்றால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் என்றால் பிஸ்டன் ரிங், ரேடியேட்டர் தொட்டியில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

உடலைப் பார்க்கும்போது பெயின்ட் கன அளவி ஒன்று கையில் இருக்கட்டும், அது இரும்புக்கும் அலுமினியத்துக்கும் சேர்த்து அளப்பதாக இருக்கட்டும். இரும்புக்கு மட்டுமான கருவி டெஸ்டரோஸாவின் அலுமினியப் பகுதிகளில் ஒன்றும் சொல்லாது. 308-இன் முதல் வண்டிகள் ஃபைபர்கிளாஸ் உடலோடு வந்தவை; அவற்றில் கருவி எதுவுமே பேசாது, விரலும் வெளிச்சமும்தான் உதவும். இரும்பு உடல் 308-இல் கதவின் கீழ் விளிம்பு, சக்கர வளைவு, கதவுக்கு அடியில் ஓடும் சில் இவற்றில் துரு தேடுங்கள். இரும்பும் அலுமினியமும் தொடும் இடங்களில் பெயின்ட் குமிழ்விட்டிருந்தால் உள்ளே மின்வேதி அரிப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மேலே பெயின்ட் அடித்தால் திரும்ப வரும்.

லம்போர்கினி மியூரா போன்ற பழைய வண்டிகளின் அசல் சக்கரங்கள் மெக்னீசியம். கல் போலத் தெரியும், உள்ளே நுண்விரிசல் ஓடியிருக்கும். எக்ஸ்ரேயோ சாய ஊடுருவல் சோதனையோ செய்யாமல் அவற்றில் வேகமாக ஓட்ட வேண்டாம். காட்சிக்கு அசல் சக்கரம், ஓட்டத்துக்கு அலுமினியத்தில் வார்த்த நகல் என்று இரண்டு செட் வைத்துக்கொள்வது அறிவான வழி.

அடுத்து எண்கள். சேசிஸில் பொறித்த எண், எஞ்சின் எண், கியர்பாக்ஸ் எண் மூன்றையும் நீங்களே கண்ணால் பார்த்துப் படம் எடுங்கள். பத்திரத்தில் எழுதியிருப்பது போதாது. ஃபெராரி 2006-இல் தொடங்கிய கிளாசிகே பிரிவும், லம்போர்கினி 2015-இல் தொடங்கிய போலோ ஸ்டோரிகோவும் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சான்று கொடுக்கின்றன. மாற்று எஞ்சின் போட்ட வண்டி மோசமான வண்டி என்று சொல்ல முடியாது. ஓட்ட மட்டும் விரும்புகிறவருக்கு அது நல்ல பேரமாகக்கூட அமையும். ஆனால் அசல் எஞ்சின் வண்டியின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

மீட்டர் காட்டும் எண்ணை பில்களோடு ஒப்பிடுங்கள். தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் எழுதிய கிலோமீட்டரை வரிசையாக ஒரு தாளில் எழுதினால் எங்கே பின்னோக்கிப் போயிருக்கிறது, எந்த ஐந்து வருடம் வண்டி பட்டறைக்கே போகவில்லை என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த ஐந்து வருட இடைவெளியைப் பற்றித்தான் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டும்.

டைமிங் பெல்ட்

பெல்ட் வைத்த ஃபெராரிகளில் பெல்ட் அறுந்தாலோ இரண்டு பல் தாவினாலோ, திறந்திருக்கும் வால்வின் தலையில் பிஸ்டன் வந்து மோதும். வால்வு வளையும், கைடு உடையும், மோசமான வேளையில் பிஸ்டனும் ஓட்டையாகும். அறிவிப்பு எதுவும் கொடுக்காமல் நடக்கும். மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை, ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாற்றுவது பெரும்பாலான கைதேர்ந்த மெக்கானிக்குகள் கடைப்பிடிக்கும் கணக்கு. நிற்கும் வண்டியில் பெல்ட் ஒரே இடத்தில் மடங்கியே கிடக்கிறது, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங்கில் கிரீஸ் காய்கிறது, கேம் சீலில் கசியும் ஆயில் ரப்பரை ஊறவைக்கிறது. பெல்ட் புதிது போல இருந்தும் டென்ஷனர் பேரிங் இறுகிப் பெல்ட்டைத் தின்ற சம்பவங்கள் நிறைய. அதனால் பேரிங்கை விட்டுவிட்டுப் பெல்ட்டை மட்டும் மாற்றுவது அரை வேலை.

308, 328-க்கு ஒரு முறை திறக்கும்போது வாங்கிவைக்க வேண்டியவை: பெல்ட் இரண்டு, டென்ஷனர் பேரிங் இரண்டு, கேம் ஷாஃப்ட் முன் சீல்கள், கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) முன் சீல், வால்வு கவர் கேஸ்கெட், ஆல்டர்நேட்டர் பெல்ட், ஸ்பார்க் பிளக் எட்டு. வாட்டர் பம்ப்பில் ஈரத்தடம் தெரிந்தால் அதன் சீலும் பேரிங்கும் இப்போதே. வால்வு கவர் திறந்திருக்கும்போது வால்வு இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடான ஷிம்மை மாற்ற வேண்டுமென்றால் இதைவிட வசதியான நேரம் வராது.

வேலை நடக்கும் வரிசை இது. நீங்களே செய்யாவிட்டாலும் தெரிந்திருந்தால் பட்டறையில் சரியான கேள்வி கேட்கலாம்.

பேட்டரி எர்த்தைக் கழற்றி, பிளக்குகளை எடுத்துவிட்டு, கிராங்க் நட்டில் ஸ்பேனர் போட்டு ஓடும் திசையிலேயே சுற்றி, ஃபிளைவீலில் பிஎம் 1-4 என்று பொறித்த கோடு குறிக்கு நேராக வரும்வரை கொண்டுவர வேண்டும். பிஎம் என்பது இத்தாலிய மொழியில் பிஸ்டனின் உச்சநிலையைக் குறிக்கும் சுருக்கம். இந்த நிலையில் கேம் ஷாஃப்ட்களில் இருக்கும் கோடுகளும் அவற்றின் மூடியில் இருக்கும் கோடுகளும் ஒன்றாக நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் பெல்ட்டைக் கழற்றும் முன்பே படம் எடுத்துவையுங்கள். முன்னால் வேலை செய்தவர் ஒரு பல் தவறியிருக்கலாம்.

பெல்ட்டை உருவியதும் சில கேம்கள் வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் சட்டென்று துள்ளும். புதியவர்கள் பயந்து கிராங்கைத் திருப்பிச் சரிசெய்யப் பார்ப்பார்கள். அங்கேதான் வால்வு வளைகிறது. பெல்ட் இல்லாதபோது கிராங்கைத் தொடவே கூடாது. கேமை மட்டும் மெதுவாக, தடை உணர்ந்தால் உடனே நிறுத்தி, கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். புதுப் பெல்ட்டைக் கிராங்க் பக்கத்திலிருந்து மாட்டி, தளர்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் வரும்படி ஏற்றுகிறார்கள். டென்ஷனரின் ஸ்பிரிங்கை விடுவித்து, கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றி, பிறகு டென்ஷனர் நட்டை டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். மீண்டும் இரண்டு சுற்று, மீண்டும் எல்லாக் கோடும் சரிபார்ப்பு. இந்த இரண்டாவது சரிபார்ப்பைத் தவிர்க்கிறவரிடம் எஞ்சினைக் கொடுக்காதீர்கள்.

முடிந்ததும் தேதியும் கிலோமீட்டரும் எழுதிய சீட்டு ஒன்று எஞ்சின் அறையில், கண்ணில் படும் இடத்தில்.

பெட்ரோலும் தீயும்

நடு எஞ்சின் வண்டியில் பெட்ரோல் கசிந்தால் அது சூடான எக்ஸாஸ்ட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் கசிகிறது, ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால். மியூராவில் கார்புரேட்டர்கள் எஞ்சினின் தலைமேல் நிற்கின்றன. நிரம்பி வழிந்தால் பெட்ரோல் நேராகச் சூட்டின் மேல் இறங்கும். நிறைய மியூராக்கள் இப்படி எரிந்திருக்கின்றன. வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் பெட்ரோல் ஹோஸை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

வாங்கிய முதல் வாரத்திலேயே டேங்க்கிலிருந்து எஞ்சின் வரை எல்லா ரப்பர் ஹோஸையும் மாற்றுங்கள். வாங்கும் ஹோஸின் மேல் ஆர்9 தரம் அச்சாகியிருக்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வகை ரப்பரை உள்ளிருந்து இளக்கிவிடும், வெளியே தொட்டால் தெரியாது. 308 போன்ற வண்டிகளில் இரண்டு டேங்க்கையும் இணைக்கும் தடித்த ஹோஸ் ஒன்று அடியில் ஒளிந்திருக்கிறது. பட்டறைகள் மறப்பது இதைத்தான், டேங்க் முழுவதும் கொட்டுவதும் இது விட்டால்தான். கிளாம்ப் ரப்பரை வெட்டாத, வழுவழுப்பான உள்பட்டை உள்ளதாக இருக்கட்டும். ஹோஸுக்கு ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபெராரி எஃப்40-இல் டேங்க்குகளே ரப்பர் பை; அவற்றுக்கும் காலக்கெடு உண்டு, பத்து வருடம் தாண்டியதை நம்ப வேண்டாம்.

வெபர் கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் வாசம் வந்தால் அந்த நிமிடமே ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். மிதவையில் ஓட்டையோ ஊசி வால்வில் அழுக்கோ இருந்தால் கார்புரேட்டரின் தொட்டி நிரம்பி வழியும். ஐட்லிங் தடுமாறினால் உடனே ஸ்க்ரூவைத் திருகக் கூடாது. முதலில் வால்வு இடைவெளி, பிறகு பிளக்கும் இக்னிஷனும், பிறகு ஐட்லிங் ஜெட் அடைப்பு, கடைசியில்தான் காற்றோட்ட அளவியை ஒவ்வொரு வாயிலும் வைத்துச் சமன்படுத்துவது. வரிசை மாறினால் ஒரு நாள் முழுக்கத் திருகினாலும் நிற்காது.

1980 முதல் 308-இல் வந்த போஷ் கே-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷன் ஓடிக்கொண்டே இருந்தால் தொல்லை தராது. நின்றால் ஃப்யூயல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பழைய பெட்ரோல் பிசின் போலப் பிடித்துக்கொள்ளும். அமைப்பு சுமார் 5 பார் அழுத்தத்தில் ஓடுவதால் அதில் சிறு வெடிப்பும் நீராவி போலப் பீய்ச்சும். குளிரில் ஸ்டார்ட் ஆகி, சூடானதும் திணறினால் பழியைப் பம்ப்பின் மேல் போடும் முன் அழுத்தமானியை மாட்டி, வார்ம்-அப் ரெகுலேட்டர் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள்.

தீயணைப்பான் ஒன்று இரண்டு கிலோ அளவில், ஓட்டுபவர் கை எட்டும் இடத்தில், திருகி மாட்டப்பட்டிருக்கட்டும். உலர் தூள் வகை தீயை அணைக்கும், ஆனால் மிச்சமிருக்கும் அலுமினியத்தையும் வயரையும் அரித்துவிடும். தூள் விடாத வாயு வகை மேல். தீப்பிடித்தால் எஞ்சின் மூடியை முழுதாகத் திறக்கக் கூடாது, திறந்தால் காற்று கிடைத்துத் தீ எழும். விரல் நுழையும் அளவு தூக்கி உள்ளே அடிக்க வேண்டும்.

சூடு

308, 328 போன்ற வண்டிகளில் ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால். இரண்டுக்கும் நடுவே நீளக் குழாய்கள் தரையை ஒட்டி ஓடுகின்றன. தவறான இடத்தில் ஜாக் வைத்தால் இந்தக் குழாய்தான் நசுங்கும். பஞ்சர் ஒட்டுபவருக்கு இது தெரியாது, நீங்கள்தான் பக்கத்தில் நின்று காட்ட வேண்டும்.

கூலன்ட் மாற்றிய பிறகு காற்று தங்கினால் மானி அமைதியாக இருக்கும்போதே சிலிண்டர் ஹெட் வெந்துவிடும். ஹீட்டர் குழாயைத் திறந்துவைத்து, தொட்டியில் மெதுவாக ஊற்றி, ரேடியேட்டர் உச்சியிலும் தெர்மோஸ்டாட் கூட்டிலும் உள்ள காற்று ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாத நீரோட்டம் வரும்வரை பொறுக்க வேண்டும். எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, மின்விசிறி தானே சுழன்று, தானே நின்ற பிறகு ஆறவிட்டு மறுபடி அளவு பாருங்கள். விசிறி சுழலாவிட்டால் ரேடியேட்டரில் உள்ள வெப்ப ஸ்விட்ச்சின் இரண்டு வயரையும் ஒன்றாகத் தொட்டுப் பாருங்கள். சுழன்றால் ஸ்விட்ச் போச்சு; சுழலாவிட்டால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்று தேட வேண்டும். கூலன்ட்டுக்கும் பிரேக் ஆயிலுக்கும் இரண்டு வருடம் ஆயுள்.

மின்சாரம்

இத்தாலிய வண்டி என்றாலே கரன்ட் தகராறு என்ற பேச்சில் பாதி, எர்த் இணைப்புகளில் பிடித்த பச்சைக் களிம்பு. எல்லா எர்த் முனையையும் கழற்றி, உலோகம் தெரியத் தேய்த்து, புது வாஷர் போட்டு இறுக்கினால் மங்கிய லைட்டும் ஆடும் மானியும் பெரும்பாலும் சரியாகிவிடும். எஞ்சினையும் சேசிஸையும் இணைக்கும் பட்டையை மறக்க வேண்டாம்.

மிச்சப் பாதியில் பெரிய பங்கு ஃப்யூஸ் பெட்டிக்கு. 308, 328, டெஸ்டரோஸா காலத்து ஃபெராரிகளில் ரேடியேட்டர் விசிறிக்கும் ஹெட்லைட்டுக்கும் போகும் முழுக் கரன்ட்டும் பெட்டியின் பின்புறச் சொருகிகள் வழியே ஓடுகிறது. சொருகி சற்றுத் தளர்ந்தால் சூடாகும், சூடானால் இன்னும் தளரும், கடைசியில் பிளாஸ்டிக் பழுப்பாகி உருகும். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பழுத்த இடம் தெரிந்தால் விசிறிக்குத் தனி ரிலேயும் தனி ஃப்யூஸும் போட்டுப் பளுவைப் பிரிப்பதுதான் நிரந்தர மருந்து. பெரிய ஃப்யூஸ் போட்டுத் தப்பிப்பது தீக்கு அழைப்பு. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஜன்னல் மெதுவாக ஏறினால் மோட்டாரைத் திட்டும் முன் கண்ணாடி ஓடும் தடத்தைச் சுத்தம் செய்யுங்கள்.

டயர்

பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டினால் கவனம், பத்து தாண்டினால் பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கழற்றிப் போடுங்கள். அளவு கிடைக்குமா என்பதை வாங்கும் முன்பே விசாரியுங்கள். பிற்காலக் கவுன்டாச்சின் பின் டயர் 345/35 ஆர்15. வேறெங்கும் அந்த அளவு எளிதில் வராது. ஆரம்ப டெஸ்டரோஸாவின் மிஷெலின் டிஆர்எக்ஸ் சக்கரங்கள் மில்லிமீட்டர் அளவில் வந்தவை. அங்குலக் கணக்கு டயர் அவற்றில் உட்காராது, முயலவும் கூடாது.

ஓட்டும் முறை

ஸ்டார்ட் செய்ததும் நிறுத்திவைத்து உறுமவிட வேண்டாம். ஆயில் அழுத்தம் ஏறியதும் அரை நிமிடம் பொறுத்து, மெதுவாகப் புறப்படுங்கள். தண்ணீர் மானி சீக்கிரம் ஏறிவிடும். அதை நம்பாமல் ஆயில் மானியைப் பாருங்கள். ஆயில் 60 டிகிரி தாண்டும்வரை 3,500 சுற்றுக்கு மேல் போகாதீர்கள். டெஸ்டரோஸாவில் ஆயில் 15 லிட்டருக்கு மேல். அது சூடேற 15, 20 நிமிடம் பிடிக்கும், அவ்வளவு பொறுமை வேண்டும்.

308, 328-இல் முதல் கியர் இடப்பக்கம் பின்னால், ரிவர்ஸ் அதற்கு நேர் முன்னால். குளிர்ந்த கியர்பாக்ஸ் இரண்டாவது கியரை ஏற்காது. ஆயில் கெட்டியாக இருப்பதால், கியர் மாறும்போது வேகத்தைச் சமன்படுத்தும் சிங்க்ரோ வளையத்தால் பல்சக்கரத்தின் வேகத்தைக் குறைக்க முடிவதில்லை. முதல் பத்து நிமிடம் முதல் கியரிலிருந்து நேராக மூன்றாவதுக்குப் போங்கள். பலவந்தமாகத் தள்ளினால் வளையம் தேய்ந்து, சூடான பிறகும் இரண்டாவது கியர் கரகரக்கும். வாங்கும் முன் ஓட்டிப் பார்க்கையில் சூடான கியர்பாக்ஸ் கரகரத்தால், யாரோ இந்தப் பொறுமை இல்லாமல் ஓட்டியிருக்கிறார்கள்.

டெஸ்டரோஸாவில் நின்ற இடத்திலிருந்து ஆக்ஸிலரேட்டரை அழுத்திக் கிளட்ச்சைச் சட்டென்று விடுவது டிஃபரன்ஷியலை உடைக்கும். அதன் கூடு பலவீனமானது என்பது தெரிந்த விஷயம், வலுவான மாற்றுக் கூடும் கிடைக்கிறது. ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்து ஷெட்டுக்குள் நுழையும் பழக்கம் எந்த வண்டியிலும் கிளட்ச்சைத் தின்னும். முடிந்தால் ஷெட்டின் வழியைச் சரிசெய்யுங்கள்.

மாதம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 40 நிமிடமாவது ஓட்டுங்கள். ஷெட்டில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நல்லதைவிடக் கெடுதலே அதிகம் செய்யும்: எரிதலில் உண்டாகும் நீர் ஆவியாகும் அளவுக்குச் சூடு ஏறாது, ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். ஆயிலை வருடம் ஒரு முறை மாற்றுங்கள், 1,000 கிலோமீட்டரே ஓடியிருந்தாலும். 308 காலத்து எஞ்சின்களுக்குப் பொதுவாக 20டபிள்யூ-50, துத்தநாகச் சேர்க்கை உள்ளது.

நீண்ட நாள் நின்ற வண்டியை எழுப்புவது

சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பெல்ட்டுக்கு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் முதலில் பெல்ட், பிறகுதான் மற்றது.

1. டேங்க்கை முழுதாக வடித்து, உள்ளே துரு பாருங்கள். ஃபில்டரும் ஹோஸும் புதிது.

2. பிளக்குகளை எடுத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் 5 மி.லி. ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள்.

3. கிராங்கைக் கையால், ஓடும் திசையில் இரண்டு சுற்று. எங்கேனும் தடை வந்தால் அங்கேயே நிறுத்தம். நீட்டு ஸ்பேனரால் வெல்லப் பார்க்கக் கூடாது.

4. புது ஆயில், புது ஃபில்டர், புது பேட்டரி. இக்னிஷனுக்குப் போகும் கரன்ட்டைத் துண்டித்துவிட்டு, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைச் சுழற்றி ஆயில் அழுத்தம் ஏறுகிறதா பாருங்கள். துண்டிக்காமல் சுழற்றினால் மின்னணு இக்னிஷனின் காயிலும் மாட்யூலும் போகும், இக்னிஷனைக் கட்டுப்படுத்தும் மாரெல்லி டிஜிப்ளெக்ஸ் பெட்டி இன்று எளிதில் கிடைப்பதில்லை.

5. எஞ்சின் ஓடும் முன்பே பிரேக் வேலை முடியட்டும்: காலிப்பர், ரப்பர் ஹோஸ், ஆயில்.

6. முதல் ஸ்டார்ட்டின்போது ஒருவர் உள்ளே, ஒருவர் தீயணைப்பானோடு எஞ்சின் பக்கத்தில். வெளியே நிற்பவரின் வேலை பெட்ரோல் கசிவை மட்டும் பார்ப்பது.

நிறுத்திவைக்கப் போகிறீர்கள் என்றால் எதிர்த்திசையில் யோசியுங்கள். எத்தனால் இல்லாத பெட்ரோலை டேங்க் நிறைய ஊற்றுங்கள், பழைய ஆயிலை முன்பே மாற்றுங்கள், டயரில் 0.5 பார் கூடுதல் காற்று, கைபிரேக் விடுவித்துச் சக்கரத்துக்குக் கட்டை, பேட்டரிக்குச் சார்ஜ் குறையாமல் காக்கும் மெயின்டெய்னர்.

பணமும் தாளும்

முதல் வருடத்துக்கென்று வாங்கும் விலையில் பத்தில் ஒரு பங்கையாவது தனியாக ஒதுக்கிய பிறகே பேரத்தை முடியுங்கள். பெல்ட், ஹோஸ், டயர், பிரேக் நான்கும் ஒன்றாக வந்து நிற்பது சகஜம். காப்பீட்டை ஒப்புக்கொண்ட மதிப்பு (தொகையை முன்பே பேசி எழுதுவது) முறையில் எடுங்கள். சந்தை மதிப்பு என்று எழுதினால் விபத்துக்குப் பின் வாதாட வேண்டியிருக்கும். இந்த வண்டிகளையே பார்க்கும் மெக்கானிக் ஒருவரை வாங்கும் முன்பே பிடித்துவையுங்கள், அவர் வேண்டாம் என்று சொல்லும் வண்டியை விட்டுவிடுங்கள்.

ஒரு தடித்த நோட்டு வாங்கி, பத்திகள் ஐந்து போடுங்கள்: தேதி, கிலோமீட்டர், என்ன வேலை, எந்தப் பாகம், அடுத்து எப்போது. முதல் பக்கத்தில் நான்கு தேதிகள் மட்டும் பெரிதாக: பெல்ட், பெட்ரோல் ஹோஸ், பிரேக் ஆயில், டயர். கழற்றிய பழைய அசல் பாகங்களைப் பெயர் எழுதிய பெட்டியில் வையுங்கள், எதையும் வீசாதீர்கள். வண்டி கை மாறும் நாளில் அந்தப் பெட்டியும் நோட்டும் சாவியோடு சேர்ந்து போகட்டும்.